சிகரம் தேடிய கால்கள் – 6: பத்தாவது சங்கிலி

சென்ற அத்தியாயத்தை அம்பகமுவ கல்வெட்டோடு நிறுத்தியிருந்தோம். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் வழியில் பசியால் வாடக்கூடாது என்று, 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் ஊர்களை ஒதுக்கிவைத்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. கிலிமலை என்ற ஊரை அவன் அப்படி விட்ட செய்தியைச் சூளவம்சமும் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் நிஸ்ஸங்கமல்லன் படை பரிவாரத்தோடு ஏறி, உச்சிக்குக் கீழேயுள்ள பகவா குகையில் தன் வருகையைக் கல்லில் பொறித்தான். அரசர்கள் ஏறிய சேதி இப்படிக் கல்லிலேயே இருக்கிறது. ஆனால், வழிப்போக்கருக்குச் சோறு போட ஓர் அரசன் ஊர் விடுகிறான் என்றால், அவனுக்கு நெடுங்காலம் முன்பே சாதாரண சனங்கள் அந்த மலையை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம். இந்தத் தொடர் தேடுவது அவர்களைத்தான்.

இம்முறை 1344ஆம் ஆண்டுக்குப் போகிறோம். அந்த ஆண்டில் இம்மலையை ஏறிய ஒருவர், தான் நடந்த வழியையும் பிடித்த சங்கிலியையும் தங்கிய குகையையும் வரிசையாகச் சொல்லிவைத்திருக்கிறார். நமக்குக் கிடைத்துள்ள பழைய குறிப்புகளில் இவ்வளவு விரிவானவை மிகக் குறைவு. அவர் பெயர் இப்னு பதூதா.

அன்றைய மலைநாடு

தலவாக்கலை நகருக்கு மேலே எழுந்து நிற்கும் கிரேட் வெஸ்டர்ன் மலையை வாசகர்கள் அறிவார்கள். 2,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். வட்டகொடையைத் தாண்டி, அந்த மலையின் பெயரையே கொண்ட நிலையத்தின் வழியாக, அதன் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டுதான் நானுஓயா ரயில் ஏறுகிறது. வானம் தெளிந்த அதிகாலையில் அதன் உச்சியில் நிற்கிறவர்களுக்குக் கிழக்கே நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால தெரியும். தென்மேற்கே, வரிசை வரிசையாய் அடுக்கிய மலைகளுக்கு அப்பால், கூம்பாக நிமிர்ந்த ஒரு சிகரம் தெரியும். அதுதான் சிவனொளிபாத மலை. உயரம் 2,243 மீட்டர். பீதுருதாலகால 2,524 மீட்டர். உயரத்தில் முந்தியது பீதுருதாலகால என்றாலும், காலந்தோறும் மனிதரை இழுத்தது அந்தக் கூம்புதான்.

காரணத்தில் ஒரு பாதி பக்தி. பௌத்தர் அந்த உச்சியில் புத்தரின் பாதத்தைக் கண்டார்கள். சைவர் சிவபெருமானின் திருவடியைக் கண்டார்கள். முஸ்லிம்கள் ஆதம் நபியின் காலடியைக் கண்டார்கள். மறு பாதி அதன் இருப்பு. மேற்குத் தாழ்நிலத்திலிருந்து திடீரென்று எழும் மலை அது. கடலில் வருகிற மாலுமிக்கு நாட்டின் கரை தெரியுமுன்பே அதன் உச்சி தெரிந்தது.

1344இல் இந்தப் பள்ளத்தாக்குகளில் தேயிலை கிடையாது, கோப்பி கிடையாது, லயன் கிடையாது, தண்டவாளம் கிடையாது. இன்று மேல் கொத்மலை நீர்த்தேக்கம் நிற்கும் இடத்தில் கொத்மலை ஓயா காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காடும் யானையும் அட்டையும் ஆண்ட நாடு அது.

காற்று கொண்டுவந்த பயணி

இப்னு பதூதா மொரோக்கோவின் தாஞ்சியரில் 1304இல் பிறந்தவர். மக்காவுக்கு ஹஜ் செய்யப் போவதாகச் சொல்லி 1325இல், 21 வயதில், வீட்டைவிட்டுப் புறப்பட்டார். ஹஜ் முடிந்தது. அவர் திரும்பவில்லை. பாரசீகம், கிழக்கு ஆபிரிக்கக் கரை, மத்திய ஆசியா என்று சுற்றி, தில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் நீதிபதியாக இருந்து, பின்னர் மாலைதீவில் காதியாகவும் இருந்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பியது 1349இல்தான். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் பதவி கிடைத்தது, செல்வம் கிடைத்தது, கப்பல் உடைந்து எல்லாம் போகவும் செய்தது. எது கிடைத்தாலும் எது போனாலும் அடுத்த வழியைக் கேட்டு நடந்த மனிதர் அவர்.

மாலைதீவிலிருந்து அவர் புறப்பட்டது மஃபருக்கு, அதாவது நம் சோழமண்டல, பாண்டிநாட்டுக் கரைக்கு. காற்று மாறிக் கப்பலை இலங்கைப் பக்கம் தள்ளியது. கடலில் ஒன்பது நாள் பயணத் தொலைவிலிருந்தே அந்த மலையைக் கண்டதாக அவர் சொல்கிறார். கரை ஒதுங்கிய இடம் புத்தளம். அங்கே இருந்த அரசன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி.

கப்பல் தலைவனுக்கு அந்த அரசன் என்றால் அச்சம். இப்னு பதூதாவோ நேரே போய்ப் பார்த்தார். அரசனுக்குப் பாரசீக மொழி புரிந்தது. முத்துக்குளிப்பும் கடல் வணிகமும் நடத்திய தமிழ் அரசன் அவன். முத்துகளைக் காட்டினான், கொடுத்தான், என்ன வேண்டுமென்று கேட்டான். வந்த நாளிலிருந்து தன் ஆசை ஒன்றுதான், ஆதமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார் விருந்தாளி. அது எளிது, வழிகாட்ட ஆள் அனுப்புகிறேன் என்றான் அரசன். அவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை கப்பல்காரர்களையும் விருந்தாளிகளாக வைத்துக் காத்தான்.

நான்கு யோகிகளும் பதினைந்து சுமைகாரரும்

அரசன் அனுப்பிய ஆட்களின் கணக்கை இப்னு பதூதா மறக்கவில்லை. பல்லக்கும் அதைத் தூக்க ஆட்களும். ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கப் போய்வரும் வழக்கமுடைய யோகிகள் நான்கு பேர். பிராமணர் மூவர். அரசனின் ஆட்கள் பத்துப் பேர். உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேர்.

இந்தக் கணக்கை நாம் நின்று வாசிக்க வேண்டும். ஒரு மனிதர் மலை ஏறியதாக வரலாறு எழுதியது. உண்மையில் ஏறியது முப்பது பேருக்கு மேல். வழியை அறிந்தவர்கள் யோகிகள். அவர்கள் ஆண்டுதோறும் ஏறியவர்கள். எந்த இடத்தில் ஆறு பெருகும், எந்த மாதத்தில் மழை விடும், எங்கே தண்ணீர் உண்டு, எங்கே யானைத்தடம் என்று அவர்களுக்குத் தெரியும். உலகம் சுற்றிய பயணி இந்த மலையில் அவர்களுக்குப் பின்னால்தான் நடந்தார். வழிக்கு வேண்டிய உணவெல்லாம் பதினைந்து பேரின் தோளிலும் தலையிலும் ஏறின. அந்தப் பதினைந்து பேரில் ஒருவர் பெயர்கூட நம்மிடம் இல்லை. அந்த யோகிகளின் பெயரும் இல்லை.

சைவத் துறவிகளுக்கும் இந்த மலைக்கும் இருந்த உறவு அத்தோடு முடிந்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன் காலத்தில் மலையின் பொறுப்பே சைவ ஆண்டிகளிடம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பௌத்த பிக்குமாரிடம் ஒப்படைத்தான்.

காடும் அட்டையும்

புத்தளத்திலிருந்து சிலாபம் வழியாக, யானைகள் நிறைந்த காட்டைக் கடந்து, இரத்தினக் கற்களுக்குப் பேர்போன குனகார் என்ற தலைநகரை அவர்கள் அடைந்தார்கள். ஆய்வாளர்கள் பலர் அதைக் குருநாகல் என்று கொள்கிறார்கள். அங்கிருந்து மலைப்பாதை தொடங்குகிறது.

வழியில் அட்டை. மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர் மேல் பாயும் அட்டைகளைப் பற்றி இப்னு பதூதா விரிவாகச் சொல்கிறார். கையில் எப்போதும் தேசிக்காய் வைத்திருந்து, அட்டை பிடித்ததும் அதன் மேல் பிழிந்தால் விழுந்துவிடும், பிறகு கடித்த இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவார்கள் என்கிறார். இன்றும் மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலுக்கு எதையாவது பூசிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். இம்மலைக்காட்டின் வைத்தியம் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரபுப் பயணியின் கண்ணில் பட்டிருக்கிறது. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் இந்தக் காட்டில் நடந்து பழகியவர்கள்தான்.

உள்ளங்கை அளவு சிவப்புப் பூவையும் அவர் குறிப்பிடுகிறார். மத்திய மலைநாட்டின் உயரங்களில் செக்கச்செவேலென்று பூக்கும் ரொடொடென்ட்ரன் மரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறிப்பு உடனே விளங்கும்.

இரண்டு வழிகள், பத்துச் சங்கிலிகள்

உச்சிக்கு இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்றின் பெயர் பாபா வழி, அதாவது ஆதமின் வழி. மற்றது மாமா வழி, ஹவ்வாவின் வழி. மாமா வழி எளிது. அந்த வழியாக மட்டும் போய்வந்தவரை மலையேறியவராகவே கருதமாட்டார்கள் என்கிறார். பாபா வழி செங்குத்து. இன்றைய மலையேறிகளும் ஒரு சிகரத்தை எந்த முகத்தால் ஏறினாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி 14ஆம் நூற்றாண்டிலேயே நம் மலையில் வழக்கில் இருந்தது.

பாபா வழியில் முன்னோர் பாறையில் படி வெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, அவற்றில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்து. அடிவாரத்து வாசலில் இரண்டு. அதையடுத்துத் தொடர்ச்சியாக ஏழு. கடைசியாக ஒன்று. அந்தப் பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்தை அடைந்து கீழே பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழியைச் சொல்லும் என்பதால் அந்தப் பெயர்.

இந்தச் சங்கிலிகளைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோவும் சொல்லியிருக்கிறார். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதையில் 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளும் சங்கிலிகளைப் பிடித்துத்தான் ஏறினார்கள். இன்று எவரெஸ்டில் பருவத்தின் தொடக்கத்தில் ஷெர்ப்பாக்கள் முன்னால் போய்க் கயிறு கட்டுகிறார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் மற்ற எல்லாரும் ஏறுகிறார்கள். பின்னால் வருகிறவனுக்காகப் பாறையில் பிடிமானம் அமைத்துவைக்கும் அந்தத் தொழில்நுட்பம் நம் மலையில் குறைந்தது எழுநூறு ஆண்டுப் பழையது. இரும்பை உருக்கியவரும், மேலே சுமந்தவரும், பாறையில் தொங்கிக்கொண்டு முளை அறைந்தவரும் பெயரில்லாமல் போனார்கள்.

பத்தாவது சங்கிலியைத் தாண்டினால் சீரற்ற பாதை. ஏழு மைல் நடந்தால் கிழிர் குகை. அகன்ற இடம், ஊற்று, மீன். அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை. பயணிகள் தங்கள் சுமைகளை அந்தக் குகையில் வைத்துவிட்டு, எஞ்சிய இரண்டு மைலைக் கைவீசி ஏறுவார்கள். மூன்று நாள் குகையில் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பது வழக்கம். இப்னு பதூதாவின் கூட்டமும் அப்படியே செய்தது. பெருமலைகளில் இன்று அடிவார முகாம் என்று சொல்கிறோமே, அதன் வேலையை அன்று அந்தக் குகை செய்தது.

மேகம் காலுக்குக் கீழே

உச்சிக்கு ஏறியபோது மேகங்கள் தங்களுக்குக் கீழே நின்று, அடிவாரத்தை மறைத்ததாக அவர் சொல்கிறார். அதிகாலையில் ஏறியவர்கள் எல்லாரும் கண்ட காட்சிதான் அது. இரவில் தரை குளிர்ந்து பள்ளத்தாக்கில் மூடுபனி தேங்குகிறது. வெயில் ஏறியதும் அது மேலே கிளம்பி உச்சியையே மூடிவிடும். இரவில் நடந்து விடியலுக்கு முன் உச்சியைப் பிடிக்கும் வழக்கத்தில் இந்த அனுபவ அறிவும் இருக்கிறது. யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீள்வதற்கும் வானிலையே காரணம். அதற்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று நேரே அந்த மலைச்சரிவில் மோதுகிறது. சூரியன் எழும்போது மேற்கே மூடுபனியின் மேல் விழும் முக்கோண நிழலும் சில நிமிடமே நிற்கும். முந்தி வந்தவர்களுக்கே அது கிடைக்கும்.

உச்சிப் பாறையில் பாதத்தைச் சுற்றி ஒன்பது குழிகள். வருகிறவர்கள் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இடுவார்கள். குகையை அடைந்ததும் ஏழைத் துறவிகள் அதை எடுக்கப் போட்டிபோட்டு ஓடுவார்களாம். தங்களுக்குச் சில கற்களும் கொஞ்சம் பொன்னுமே கிடைத்தன என்றும், அதை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டோம் என்றும் இப்னு பதூதா சொல்கிறார். வழிகாட்டியின் பங்கை மறக்காமல் சொன்னதற்காக அவரை வாழ்த்தலாம்.

இறங்கும்போது மாமா வழி. தெவிநுவர, காலி, கொழும்பு சுற்றி மறுபடியும் புத்தளம். காத்திருந்த கப்பலில் மஃபர் கிளம்பியவர் புயலில் சிக்கி, கப்பல் உடைந்து, தமிழ்க் கரையில் உயிரோடு ஒதுங்கி, மதுரைச் சுல்தானின் பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1355இல் மொரோக்கோவில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதி முடித்த நூலில் இந்த ஏற்றம் இடம்பெற்றது. பத்தாண்டுக்கு மேல் கழிந்தும் சங்கிலியின் எண்ணிக்கை அவருக்கு நினைவிருந்தது.

யாருடைய வரலாறு?

ஐரோப்பியர் எழுதிய மலையேற்ற வரலாறுகள் பெரும்பாலும் கவிஞர் பெத்ராற்கிடமிருந்து தொடங்கும். 1336 ஏப்ரல் 26 அன்று தென் பிரான்சின் வென்டூ மலையை அவர் ஏறியதாகக் கடிதம் எழுதினார். அந்த மலை சுமார் 1,910 மீட்டர். பிறகு 1786இல் மோன் பிளாங், 1857இல் இலண்டனில் அல்பைன் கிளப். இந்த வரிசையில் சிவனொளிபாத மலைக்கு இடமில்லை. பெத்ராற்குக்கு எட்டே ஆண்டு பின்னால், அதைவிட உயரமான மலையில், படியும் சங்கிலியும் தங்குமிடமும் வழிகாட்டியும் முறையாக அமைந்திருந்த ஒரு பழம்பாதையில் ஆண்டுதோறும் ஆட்கள் ஏறினார்கள். யாத்திரை என்று பெயரிட்டு அவர்களை வேறு கணக்கில் போட்டுவிட்டார்கள். குளிரில் நடுங்கி, இருட்டில் வழி தேடி, பயத்தை வென்று உச்சியைத் தொட்டவன் மலையேறிதான். அவன் உதட்டில் இறைவன் பெயர் இருந்ததால் ஏற்றம் சிறிதாகிவிடாது.

மலைநாட்டுத் தமிழர் இந்தச் சிகரத்தை ஏறியவர்களின் வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பிள்ளைகள், தேயிலைக் காலத்தில் இந்தச் சிகரத்தின் நிழலிலேயே குடியேற்றப்பட்டார்கள். 1884இல் ரயில் அட்டனை எட்டியது, அடுத்த ஆண்டு தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை அடைந்தது. அதன் பிறகு தலவாக்கலைக்காரர் ரயிலேறி, சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து அட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியே நல்லதண்ணியை அடைந்து, சீதகங்குலவில் நீராடி, மகாகிரிதம்பச் செங்குத்தில் மூச்சுவாங்கி, அரோகரா சொல்லி ஏறினார்கள். இன்று அந்தப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. வழிக் கடைகளுக்கு அரிசியும் சீனியும் மாவும் இன்றும் மனிதத் தோளில்தான் ஏறுகின்றன.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை முறை ஏறினீர்களோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். சின்னப் பிள்ளை ஒருமுறை அடிக்கும். நரைத்த தாத்தா அடித்துக்கொண்டே இருப்பார். ஒரு மலை ஒரு மனிதரை வாழ்நாள் முழுக்க இழுத்ததற்கு இதைவிட நேர்மையான சான்று எந்தக் கிளப் பதிவேட்டிலும் இல்லை. குறை ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கு காற்றோடு போய்விடுகிறது.

சுமப்பவர் வரலாற்றுக்குள் வர முடியும் என்பதற்கு டார்ஜிலிங் சாட்சி. அதுவும் தேயிலை மலைதான். 1935இல் எவரெஸ்ட் குழு ஒன்றில் சுமைதூக்கியாகச் சேர்ந்த டென்சிங் நோர்கே, 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியோடு உச்சியில் நின்றார். அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தொடங்கியபோது களப் பயிற்சிக்குப் பொறுப்பானவர் அவரே. அதே கழகத்தில் பயிற்சி பெற்ற ஜெயந்தி குரு உதும்பால, 2016 மே 21 அன்று எவரெஸ்டைத் தொட்ட முதல் இலங்கையர் ஆனார். அந்த முறை உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்ப நேர்ந்த அவரது தோழர் யொஹான் பீரிஸ், 2018 மே மாதத்தில் மறுபடியும் போய் ஏறி முடித்தார். ஒரு சுமைகாரர் தொடங்கிவைத்த கல்வி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது தேயிலை மலைகளின் பழைய பாதைகளை இணைத்து, கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெக்கோ நடைபாதை அமைந்திருக்கிறது. பூண்டுலோயாவும் வட்டகொடையும் அதன் வழியில் உள்ளன. உலகெங்குமிருந்து நடக்க வருகிறார்கள். அவர்கள் எழுதுவார்கள், படம் எடுப்பார்கள், பதிப்பிப்பார்கள். அந்தப் பாதைகளை மிதித்து உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வழிகாட்டிகளாக முன்னே நடக்க வேண்டும். எழுதவும் வேண்டும்.

தலவாக்கலை, லிந்துலை, வட்டகொடை, கொட்டகலை வாசகர்களிடம் இந்தத் தொடர் ஒன்று கேட்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். முதன்முதலாக எந்த வருடம் ஏறினார், யாரோடு போனார், எந்த வழியாக, என்ன கட்டிக்கொண்டு போனார், யார் சுமந்தார்கள், கடைசி முறை மணி எத்தனை அடித்தார். ஒரு கொப்பியில் பெயர் போட்டு, ஆண்டு போட்டு எழுதிவையுங்கள். யோகிகள் நால்வரின் பெயரையும் சுமைகாரர் பதினைந்து பேரின் பெயரையும் வரலாறு இழந்துவிட்டது. உங்கள் தாத்தா பாட்டியின் பெயரை அது இழக்க வேண்டியதில்லை.

(தொடரும். அடுத்த அத்தியாயம்: கண்டி இராச்சியம் வீழ்ந்த 1815இல், லெப்டினன்ட் மல்கம் உச்சியை அடைந்த கதை.)